ஏபியூ டெஸ்டரை எப்படிச் சோதிப்பது: கையெழுத்துப் போடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

கவச வண்டியின் பெரிய என்ஜினை அணைத்த பிறகும் ரேடியோ, பார்வைக் கருவிகள், குளிரூட்டி எல்லாம் ஓட வேண்டும். அதற்காக உள்ளே ஒரு சின்ன டீசல் என்ஜின், அதோடு ஒரு 28 வோல்ட் ஜெனரேட்டர், இரண்டையும் ஆளும் ஒரு கன்ட்ரோலர் இருக்கும். மூன்றும் சேர்ந்ததுதான் ஏபியூ. பழுது பார்த்து வந்த ஏபியூவைத் தானாக ஸ்டார்ட் செய்து, சுமை ஏற்றி, அளந்து, கடைசியில் பாஸ் அல்லது ஃபெயில் என்று தாளில் அடித்துத் தருவது ஏடிஇ என்கிற தானியங்கிச் சோதனைக் கருவி. பட்டறையில் எல்லாரும் அதை டெஸ்டர் என்றே சொல்கிறோம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

அந்த டெஸ்டரை வாங்கலாமா, வந்திறங்கியதை ஏற்றுக்கொள்ளலாமா என்று முடிவு சொல்ல வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிங்கப்பூரின் மேற்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் இந்த வேலையைச் செய்தபோது, புதிதாக வந்தவர்கள் ஒரே இடத்தில் வழுக்குவதைப் பார்த்தேன். நல்ல ஏபியூ ஒன்றை மாட்டுவார்கள். பச்சை விளக்கு எரியும். “அண்ணே, பாஸ் காட்டுது, முடிஞ்சுதா?” என்பார்கள். நல்ல ஏபியூவுக்குப் பச்சை விளக்கு எரிய டெஸ்டரே வேண்டாம், ஒரு பல்பும் பேட்டரியும் போதும். கெட்ட ஏபியூவைக் கெட்டது என்று இது சொல்கிறதா? கீழே உள்ள படிகள் எல்லாம் இந்தக் கேள்விக்காகத்தான்.

உதாரணத்துக்கு எடுத்துக்கொண்ட ஏபியூ 28 வோல்ட்டில் 300 ஆம்பியர் தருவது, அதாவது 8.4 கிலோவாட். எல்லைகள் உங்கள் ஏபியூவுக்கு வேறாக இருக்கும்; கணக்குப் போடும் விதம் மாறாது.

1. மேசையில் முதலில் இருக்க வேண்டியவை

ஏபியூவின் சோதனை விவரக்குறிப்பு, பதிப்பு எண்ணோடு. வண்டியின் 28 வோல்ட் மின்சாரத்துக்கு அமெரிக்க ராணுவத் தரம் மில்-எஸ்டிடி-1275 என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், எந்த எழுத்துப் பதிப்பு என்று பாருங்கள். டி பதிப்பு 2006-இல் வந்தது, இ பதிப்பு 2013-இல். இ பதிப்பில் சாதாரண இயக்க வரம்பு 20 முதல் 33 வோல்ட். டி பதிப்பின் எண்கள் வேறு. ஒருவர் டி-யையும் மற்றவர் இ-யையும் மனதில் வைத்துக்கொண்டு அரை நாள் வாதாடியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

டெஸ்டருக்குச் சம்பந்தமில்லாத, தனியாக அளவுத்திருத்தம் செய்த ஒரு மல்டிமீட்டர், வோல்ட் ஏறி இறங்குவதைத் திரையில் வரைந்து காட்டும் ஒரு அலைநோக்கி, பெரிய மின்னோட்டத்தை அளக்க உதவும் சின்னத் தடையான ஒரு ஷன்ட். மூன்றுக்கும் சிங்கப்பூரின் ஆய்வக அங்கீகாரத் திட்டமான சாக்-சிங்லாஸின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்றிதழ் இருக்க வேண்டும். டெஸ்டரை அதன் உள்ளே இருக்கும் மீட்டரை வைத்தே சரிபார்த்தால், திருடனையே சாட்சிக்குக் கூப்பிட்ட கதைதான்.

குறைந்தது மூன்று ஏபியூ: நல்லது என்று தெரிந்த ஒன்று, எல்லையை ஒட்டி ஓடும் ஒன்று, கெட்டது என்று தெரிந்த ஒன்று. மூன்றாவதுதான் கிடைக்காது, பழுது பார்க்கும் பிரிவிடம் ஒரு மாதம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். “சரி பண்ணிட்டோமே” என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுப்பார்கள்.

ஒரு தடிமனான நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொள்ளுங்கள். இத்தகைய பல இடங்களில் கேமரா போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். படம் எடுத்துக்கொள்ளலாம் என்று நம்பி உள்ளே போனால் கையில் ஒன்றும் இருக்காது.

2. பழுதுப் பட்டியல் எழுதுங்கள்

விற்பவர் தரும் பட்டியல் “இதை அளக்கும், அதை அளக்கும்” என்று இருக்கும். அதை ஓரமாக வைத்துவிட்டு, இந்த ஏபியூ எப்படியெல்லாம் கெட்டுப்போகும் என்று நீங்கள் ஒரு பட்டியல் போடுங்கள். பழுது, அதன் அறிகுறி, அறிகுறி தெரியும் இடம், டெஸ்டர் அங்கே எடுக்கும் அளவீடு என நான்கு கட்டங்கள். நான்காவது கட்டம் காலியாக இருக்கும் வரிகள் உங்கள் முதல் கண்டுபிடிப்பு.

ஒரு வரியை மட்டும் கிட்டப்போய்ப் பார்க்கலாம். ஜெனரேட்டர் மூன்று கட்ட (த்ரீ ஃபேஸ்) மாறுமின்சாரம் தருகிறது; ஆறு டையோடுகள் அதை நேர்மின்சாரமாக்குகின்றன. ஆறும் நன்றாக இருந்தால், மாறுமின்சாரத்தின் ஒரு சுழற்சிக்கு ஆறு சின்ன மேடுகளோடு வோல்ட் வரும். ஒரு டையோடு திறந்துபோனால் வரிசையில் பல் விழுந்தமாதிரி ஒரு பள்ளம் விழும். ஆனால் வோல்ட்டை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் சும்மா இருக்காது. சராசரி குறைவதைப் பார்த்துப் புலச் சுருளுக்கு மின்னோட்டத்தைக் கூட்டிச் சராசரியை மீண்டும் 28-க்குக் கொண்டுவந்துவிடும். சராசரி வோல்ட்டை மட்டும் படிக்கும் டெஸ்டர் 28.0 என்று படித்துப் பாஸ் கொடுக்கும். அந்த ஏபியூ வண்டிக்குள் போய், மிச்சமிருக்கும் டையோடுகளைச் சூடாக்கி, ரேடியோவில் இரைச்சலைக் கிளப்பி, ஒரு மாதத்தில் திரும்பி வரும்.

அதனால் டையோடு வரிக்கு எதிரே சராசரி வோல்ட் என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டுச் சிற்றலை, அதாவது அந்த மேடுபள்ளங்களின் அளவு, என்று எழுதுங்கள். டெஸ்டர் சிற்றலையை அளக்குமா, எந்தச் சுமையில் அளக்கும் என்று கேளுங்கள். இதே முறையில் ஒரு க்ளோ பிளக் திறந்துபோவது, எண்ணெய் அழுத்த சுவிட்ச் ஒட்டிக்கொள்வது, எரிபொருள் சொலினாய்டு மெதுவாக மூடுவது, கன்ட்ரோலர் செய்தி அனுப்பும் கேன் பஸ் என்ற கம்பியில் ஒரு செய்தி மட்டும் வராமல் போவது என ஒவ்வொன்றாக எடுங்கள்.

3. இயந்திரத்தைத் தொடும் முன் கணக்கு

அளவீட்டின் நிச்சயமின்மை, அதாவது படித்த எண் உண்மையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கக்கூடும் என்பது, எல்லையை விட எவ்வளவு சிறியது? நான்கில் ஒரு பங்கு அல்லது அதற்கும் கீழே என்பது பழகிய அளவுகோல். எல்லை கூட்டல் கழித்தல் 0.5 வோல்ட் என்றால், டெஸ்டரின் மொத்த நிச்சயமின்மை 0.125 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மொத்தம் என்றால் கேபிள், கனெக்டர், ரிலே எல்லாம் சேர்த்து. மீட்டரின் விளம்பரத் தாளில் இருக்கும் எண் அதில் ஒரு பகுதிதான்.

கேபிளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 1 மில்லி ஓம் உள்ள கேபிளில் 300 ஆம்பியர் போனால் 0.3 வோல்ட் விழும், 90 வாட் சூடாகப் போகும். சுமை முனையில் வோல்ட் படித்தால், நல்ல ஏபியூவே பாதி எல்லையைத் தின்றுவிட்டதுபோல் தெரியும். வோல்ட் படிக்கும் கம்பிகள் தனியாக ஏபியூவின் முனையத்துக்கே போக வேண்டும். வரைபடத்தில் பார்ப்பதோடு விடாதீர்கள். கம்பியைக் கையால் தடவிக்கொண்டே போய் எங்கே முடிகிறது என்று பாருங்கள்.

ஷன்ட்டில் இன்னொரு குழி இருக்கிறது. 500 ஆம்பியருக்கு 50 மில்லிவோல்ட் தரும் ஷன்ட் என்றால் 0.1 மில்லி ஓம். இணைப்புகளின் வெப்பநிலை வேறுபாட்டால் 20 மைக்ரோவோல்ட் சேர்ந்தால் 0.2 ஆம்பியர் தவறு. 300 ஆம்பியரில் அது ஒன்றுமே இல்லை. கன்ட்ரோலர் தனக்காக எடுக்கும் 5 ஆம்பியரை அளக்கும்போது அதுவே 4 விழுக்காடு. சின்ன மின்னோட்டத்துக்குத் தனி வழி இருக்கிறதா என்று கேளுங்கள்.

அப்புறம் நம் ஊர் வெப்பம். பெரும்பாலான மீட்டர்களின் துல்லியத்தை 23 டிகிரி, கூட்டல் கழித்தல் 5 என்ற வரம்புக்குத்தான் எழுதியிருப்பார்கள். அதாவது 28 டிகிரியோடு உத்தரவாதம் முடிகிறது. சுருள் கதவைத் திறந்து வைத்த பட்டறையில் மதியம் இரண்டு மணிக்கு 32 டிகிரியைத் தாண்டும், பக்கத்தில் 8.4 கிலோவாட்டைச் சூடாக மாற்றிக்கொண்டு ஒரு சுமைப் பெட்டி வேறு நிற்கும். ஒவ்வொரு டிகிரிக்கும் கூடுதல் தவறு எவ்வளவு என்பது கையேட்டின் பின்பக்கச் சிறு எழுத்தில் இருக்கும். அதையும் கூட்டுங்கள். கணக்கு இங்கே தோற்றால் அடுத்த படிக்குப் போக வேண்டாம். டெஸ்டரைக் குளிரூட்டிய அறைக்குள் வைப்பதா, வேறு மீட்டரா என்று முதலில் பேசி முடியுங்கள்.

4. மின்சாரம் கொடுக்காமல் ஒரு சுற்று

அமெரிக்காவிலிருந்து வரும் கருவி 208 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்ததாக இருக்கலாம். இங்கே மூன்று கட்டத்துக்கு 400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்மாற்றி வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. நேராக மின்தடத்தில் ஓடும் விசிறிகள் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும், குளிர்விப்பும் குறையும்.

அவசர நிறுத்தப் பொத்தான் எதை நிறுத்துகிறது என்று சுற்றுப் படத்தில் தேடுங்கள். சில வடிவமைப்புகளில் அது டெஸ்டரின் மின்சாரத்தை மட்டும் துண்டிக்கும். கணினி அணையும், சுமை விலகும், ஏபியூ என்ஜின் மட்டும் ஜாலியாக ஓடிக்கொண்டிருக்கும். சுமை சட்டென்று விலகியதால் வோல்ட் வேறு எகிறும். பொத்தானை அழுத்தினால் எரிபொருளும் நிற்க வேண்டும். அந்தத் துண்டிப்பு மென்பொருள் வழியாக இல்லாமல் கம்பி வழியாக இருக்க வேண்டும். கணினி உறைந்து நிற்கும் நேரத்தில்தான் பொத்தான் தேவைப்படும் என்பதே காரணம்.

டீசல் புகை வெளியேறும் குழாய், டீசலை வைக்கும் அளவுக்குச் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் உரிமம் தேவையா என்பது, இரைச்சல் எட்டு மணி நேரச் சராசரியில் 85 டெசிபலைத் தாண்டுகிறதா என்பது, இந்த மூன்றையும் வேலையிடப் பாதுகாப்பு அதிகாரியிடம் இந்தக் கட்டத்திலேயே கொடுத்துவிடுங்கள். இவற்றுக்கு நாள் பிடிக்கும்.

5. ஏபியூ இல்லாமல் ஓட்டுங்கள்

ஏபியூ இருக்க வேண்டிய இடத்தில் நிலையான மின்வழங்கி ஒன்றை மாட்டி, வரம்பு முழுவதும் ஐந்து புள்ளிகளில் ஏறுமுகமாகவும் இறங்குமுகமாகவும் டெஸ்டரின் எண்ணையும் உங்கள் மீட்டரின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஏபியூ என்பது அதிர்ந்து, சூடாகி, மாறிக்கொண்டே இருக்கும் பொருள். டெஸ்டரின் தவறையும் ஏபியூவின் ஆட்டத்தையும் பிரித்துப் பார்க்க முடிவது இங்கே மட்டும்தான்.

பிறகு கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். எனக்கு மறக்காத நாள் அது. பாலிடெக்னிக் முடித்து வந்த பெண் ஒருவர், “அண்ணா, ஒண்ணுமே மாட்டல, 28.0 காட்டுது” என்றார். திரையைப் பார்த்தேன், உண்மைதான். அந்தச் சேனல், அதாவது டெஸ்டரின் அந்த அளவீட்டு வழி, புதிய எண் வராதபோது கடைசியாக வந்த எண்ணையே பிடித்து வைத்திருந்தது. மென்பொருள் அதையே எல்லையோடு ஒப்பிட்டுப் பாஸ் போட்டுவிட்டது. கம்பி அறுந்த ஏபியூவுக்கும் அது பாஸ் போட்டிருக்கும்.

ஒவ்வொரு சேனலையும் ஒன்று ஒன்றாகக் கழற்றிப் பாருங்கள். கிடைக்க வேண்டிய பதில் “அளக்க முடியவில்லை.” பாஸ் வந்தால் நேரே திருப்பி அனுப்ப வேண்டியதுதான். ஃபெயில் வந்தாலும் நல்லதில்லை. கேபிள் கோளாறுக்காக நல்ல ஏபியூவைப் பிரித்துப் போடுவார்கள்.

6. நல்ல ஏபியூவோடு: திரும்பத் திரும்ப

மூன்று பேர், ஒவ்வொருவரும் மூன்று முறை. ஒவ்வொரு முறையும் கனெக்டரை முழுவதும் கழற்றி மாட்ட வேண்டும். மாட்டியது மாட்டியபடியே பத்து முறை ஓட்டினால் எண்கள் அழகாக ஒத்துப்போகும். தினசரி வேலையில் யாரும் அப்படி ஓட்டுவதில்லை. கனெக்டரின் தொடுதடைதான் மாறும் பொருள், அதைத்தான் ஆட விட வேண்டும்.

எண்களின் சிதறல் எல்லை அகலத்தில் 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 30-ஐத் தாண்டினால் ஏற்க முடியாது. நடுவில் இருந்தால் அந்த அளவீடு எவ்வளவு முக்கியம் என்பதைப் பொறுத்துப் பேசலாம்.

எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. காலையில் குளிர்ந்த ஏபியூவில் தொடங்கி, இடைவெளி விடாமல் ஒன்பது ஓட்டம் ஓட்டிவிட்டு, எண்கள் ஒரே திசையில் நகர்வதைப் பார்த்து டெஸ்டரைக் குறை சொல்வார்கள். தாமிரத்தின் தடை டிகிரிக்கு சுமார் 0.39 விழுக்காடு கூடும். ஜெனரேட்டரின் சுருள் 30-இலிருந்து 90 டிகிரிக்குப் போனால் தடை கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு ஏறியிருக்கும். நகர்வது ஏபியூ. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் ஒரே சூட்டு நிலைக்குக் கொண்டுவாருங்கள். சூட்டை அளந்து எழுதுங்கள்.

7. கெட்ட ஏபியூவோடு

நாள் குறைந்தால் மற்றப் படிகளில் குறையுங்கள், இதில் வேண்டாம்.

பழுதைச் செயற்கையாக உண்டாக்க ஏபியூவை உடைக்கத் தேவையில்லை. கன்ட்ரோலருக்கும் கம்பித் தொகுப்புக்கும் நடுவே ஒரு பிரிப்புப் பெட்டி வைத்தால் ஒவ்வொரு கம்பியையும் தனியாகத் திறக்கலாம், தடை சேர்க்கலாம், தரையோடு சேர்க்கலாம். டையோடு மாதிரி உள்ளே இருக்கும் பழுதுக்கு மட்டும் உண்மையாகவே கெட்ட பாகம் வேண்டும். கழித்துப்போட்ட ரெக்டிஃபயர் தட்டு (அந்த ஆறு டையோடுகளும் இருக்கும் தட்டு) ஒன்றைப் பழுது பார்ப்பவர்களிடம் கேட்டு வாங்கி வையுங்கள், தங்கம் அது.

பழுதை வைப்பவர் ஒருவர், டெஸ்டரை ஓட்டுபவர் வேறொருவர். எதில் பழுது, எதில் இல்லை என்று ஓட்டுபவருக்குத் தெரியக் கூடாது. நல்ல ஓட்டங்களையும் நடுநடுவே கலக்க வேண்டும். திருச்சியிலிருந்து வந்த தம்பி ஒருவர், பழுது இருக்கிறது என்று தெரிந்ததும், பாஸ் வந்த ஓட்டத்தை “சரியா மாட்டலைபோல” என்று தானாகவே இன்னொரு முறை ஓட்டினார். ஏமாற்றும் எண்ணமே இல்லை. தெரிந்தால் கை அப்படித்தான் போகும்.

எண்ணிக்கையில் ஏமாறாதீர்கள். 30 பழுது வைத்து 30-ஐயும் பிடித்தால் நூற்றுக்கு நூறு என்று அறிக்கையில் எழுதத் தோன்றும். ஒன்றும் தவறவில்லை என்றால் மூன்றை ஓட்ட எண்ணிக்கையால் வகுங்கள்: 3-ஐ 30-ஆல் வகுத்தால் 10 விழுக்காடு. 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்லக்கூடியது, தவறவிடும் வீதம் 10 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்பது மட்டும்தான். அதனால் முக்கியமான பழுதுகளுக்கு ஓட்டங்களைக் கூட்டி, அற்பமானவற்றுக்குக் குறையுங்கள்.

ஃபெயில் வந்தால் எந்தப் பாகம் என்று சொல்கிறதா என்றும் பாருங்கள். “ஜெனரேட்டர் அல்லது ரெகுலேட்டர் அல்லது கம்பி” என்று மூன்றையும் காட்டினால், பழுது பார்ப்பவர் மூன்றையும் மாற்றுவார். பணம் அங்கேதான் போகும்.

எல்லையை ஒட்டிய ஏபியூவை இப்போது எடுங்கள். ஒரு முறை பாஸ், ஒரு முறை ஃபெயில் வந்தால் அது டெஸ்டரின் குற்றம் இல்லை. ஆனால் அந்த இடத்தில் என்ன செய்வது என்று முன்பே முடிவு வேண்டும். நிச்சயமின்மை அளவுக்கு எல்லையை உள்ளே இழுத்துவிடுவது என் பழக்கம். சில நல்ல ஏபியூக்கள் திரும்பிப் போகும், போகட்டும்.

8. சுமையைச் சட்டென்று ஏற்றி இறக்குவது

மின்னணுச் சுமை 200 ஆம்பியரை 100 மைக்ரோ நொடியில் ஏற்றும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேபிளின் மின்தூண்டல் 3 மைக்ரோஹென்றி என்றால், கேபிள் மட்டுமே 6 வோல்ட்டைத் தின்னும். சுமை முனையில் பார்த்தால் ஏபியூ தடுமாறியதுபோல் ஒரு பயங்கரப் பள்ளம் தெரியும். அலைநோக்கியை ஏபியூ முனையத்தில் வைத்தால் அந்தப் பள்ளம் காணாமல் போகும். கேபிள்களைச் சேர்த்துக் கட்டி, நீளத்தைக் குறைத்து, படிக்கும் இடத்தை மாற்றிய பிறகே ஏபியூவைப் பற்றிப் பேசுங்கள்.

மில்-எஸ்டிடி-1275 இ பதிப்பில் 100 வோல்ட் எழுச்சி (சற்று நீடிக்கும் ஏற்றம்), 250 வோல்ட் முள் (கண நேரத்தில் பாய்ந்து மறைவது) என்று எண்கள் இருக்கின்றன. “இதையும் தினமும் போடலாமே” என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். அவை வடிவமைப்பைத் தகுதி பார்க்கும் சோதனைகள். பழுது பார்த்து வரும் ஒவ்வொரு ஏபியூவுக்கும் அடித்தால், நாமே ஆயுளைக் குறைத்து அனுப்பியதாகும்.

9. பாதுகாப்பு நிறுத்தங்கள்

என்ஜின் அளவுக்கு மீறிச் சூடானால் கன்ட்ரோலர் அதைத் தானாக நிறுத்த வேண்டும். அதைச் சோதிக்க என்ஜினை உண்மையாகச் சூடாக்க வேண்டாம். வெப்ப உணரியின் இடத்தில் தடைப்பெட்டி வைத்து, சூட்டுக்கான தடையைக் கொடுங்கள். கொடுத்த நொடியிலிருந்து எரிபொருள் நிற்கும் நொடி வரை நேரத்தை அலைநோக்கியில் தனியாக எடுத்து, டெஸ்டர் சொல்லும் நேரத்தோடு ஒப்பிடுங்கள். கணினியின் கடிகாரத்தை நம்பும் டெஸ்டர்கள் இங்கே மாட்டிக்கொள்ளும்.

10. மென்பொருள்

எல்லைகள் இருக்கும் கோப்பை ஓட்டுபவர் திறந்து மாற்ற முடிகிறதா? முயன்று பாருங்கள். மாற்ற முடிந்தால், ஒரு வெள்ளிக்கிழமை மாலை யாராவது மாற்றுவார்கள்.

மறுபடி ஓட்டியது அறிக்கையில் தெரிய வேண்டும். மூன்றாவது முயற்சியில் வந்த பாஸும் முதல் முயற்சியில் வந்த பாஸும் ஒரே தாளாக வெளிவந்தால், பழுதுகள் அந்த இடுக்கு வழியாகத்தான் தப்பிக்கும். பாஸ், ஃபெயில் மட்டுமின்றி மூல எண்களும் சேமிக்கப்பட வேண்டும். ஆறு மாதம் கழித்து ஒரு ஏபியூ திரும்பி வரும்போது அன்றைக்கு என்ன எண் வந்தது என்று கேட்பார்கள்.

கணினியின் வயதையும் கேளுங்கள். விண்டோஸ் 10-இன் சாதாரணப் பதிப்புகளுக்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. வலையில் இணைக்காமல் வைத்திருக்கிறோம் என்பார்கள். சரி, அறிக்கையை எதில் எடுத்துப் போகிறார்கள்? யூஎஸ்பி.

11. முடிவு எழுதும்போது

ஏற்கிறோம், மறுக்கிறோம் என்ற இரண்டோடு நிபந்தனையோடு ஏற்கிறோம் என்ற மூன்றாவதும் இருக்கட்டும். ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு தேதி, ஒரு பொறுப்பாளர். தேய்ந்துபோகும் இணைப்புக் கேபிள் இரண்டு செட் கூடுதலாகக் கேளுங்கள். அளவுத்திருத்தத்தை இந்த ஊரிலேயே செய்ய முடியுமா என்று எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வோர் ஆண்டும் கருவியைக் கப்பலில் அனுப்பினால் அந்த வாரங்களில் வேலை நிற்கும்.

முதல் மாதம் பழைய கைமுறைச் சோதனையையும் கூடவே ஓட்டுங்கள். இரண்டும் முரண்படும் ஏபியூ வந்தால் பிரித்துப் பார்த்து யார் சரி என்று எழுதி வையுங்கள். மாதக் கடைசியில் ஒரு நாள், யாரிடமும் சொல்லாமல், அந்தக் கெட்ட ரெக்டிஃபயர் தட்டை மாட்டிய ஏபியூவை வரிசையில் நடுவே தள்ளிவிடுங்கள். எங்கள் பட்டறையில் அதைச் செய்தபோது டெஸ்டர் சரியாகப் பிடித்தது. ஓட்டிய தம்பிதான், “அண்ணே, இது உங்க வேலைதானே?” என்று கேட்டார்.